அம்மா மாறவே இல்லையாம்

தமிழ்க் கதைகளில் ஒரு பெண் மாறுவதற்கு மூன்று வழிகள் அதிகம் புழங்குகின்றன. அவள் ஓர் அறை வாங்க வேண்டும். அல்லது ஒரு சாவைப் பார்க்க வேண்டும். அல்லது படித்த ஆண் ஒருவர் வந்து நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். உடனே அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பாள். அடுத்த பத்தியில் பெட்டியோடு பேருந்து நிலையத்தில் நிற்பாள். கையில் எவ்வளவு காசு இருக்கிறது, இன்று இரவு எங்கே படுப்பாள், பிள்ளையை யாரிடம் விட்டு வந்தாள் என்பதையெல்லாம் கதை சொல்லாது. சொல்லப் போனால் கதை நின்றுவிடும் என்று எழுதுகிறவருக்குத் தெரியும்.

நான் திருச்சியில் பெண் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். கதைகளும் எழுதுகிறேன். என் அம்மா காந்தி மார்க்கெட்டில் தரைக்கடை போட்டு கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை விற்கிறார். சில காலம் முன்பு அம்மாவை வைத்து ஒரு கதை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. நடை நன்றாக இருக்கிறதாம். ஆனால் அந்த அம்மா தொடக்கத்தில் எப்படி இருக்கிறாரோ முடிவிலும் அப்படியே இருக்கிறாராம். பாத்திரம் வளரவில்லையாம்.

அந்தக் கதையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பிறகு நீங்கள் முடிவு செய்யுங்கள்.

காந்தி மார்க்கெட்டுக்கு லோடு வருவது ராத்திரியில். ஊட்டி கேரட்டும் ஒட்டன்சத்திரம் தக்காளியும் வந்து இறங்கும்போது ஊர் தூங்கப் போயிருக்கும். அம்மா விடிகாலை மூன்று மணிக்கு மண்டியில் நிற்பார். கட்டைப் பிரித்துப் பார்த்து, வேர்மண் எவ்வளவு, உள்ளே அழுகல் எவ்வளவு என்று தடவியே சொல்லிவிடுவார். அந்த நேரத்தில் கையில் ரொக்கம் இருந்தால் ஒரு விலை, மதியம் தருகிறேன் என்றால் இன்னொரு விலை. எடுத்த சரக்கைத் தரையில் விரித்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு, எட்டு மணி வெயிலுக்கு முன்னால் முக்கால் பங்கை விற்றாக வேண்டும். கொத்தமல்லிக்கு நாளை என்ற ஒன்று கிடையாது.

2020இல் கொரோனா வந்தபோது மார்க்கெட்டை மூடிவிட்டு மொத்த வியாபாரத்தைப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றினார்கள். அதற்கு முன்பே மதுரை சாலையில் கள்ளிக்குடியில் புது வணிக வளாகம் கட்டி வைத்திருந்தார்கள். அங்கே போக வியாபாரிகள் சம்மதிக்கவில்லை. இந்தச் சண்டைகளில் கடை வைத்திருப்பவர்களின் பெயர் பேப்பரில் வந்தது. தரைக்கடைப் பெண்களின் பெயர் எதிலும் வரவில்லை. மார்க்கெட் அருகே முதல் உலகப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. இந்த ஊரிலிருந்து எத்தனை ஆண்கள் போனார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டித்தான் அம்மா தினமும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். எத்தனை பெண்கள் இங்கே உட்கார்ந்து எழுந்து போனார்கள் என்று எந்தக் கல்லிலும் இல்லை.

மார்க்கெட் திரும்பத் திறந்தபோது வாடிக்கையாளர்கள் மாறியிருந்தார்கள். பத்து ரூபாய் கட்டுக்கும் போனை நீட்டினார்கள். அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். தம்பி ஸ்கேன் அட்டை ஒன்றை வாங்கிவந்து மாட்டினான். காசு வந்தால் சத்தமாகச் சொல்லும் பெட்டியும் வைத்தான். எல்லாம் அவன் பெயரில், அவன் வங்கிக் கணக்கில். சாயங்காலம் எடுத்துக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. முதலில் அப்படித்தான் கொடுத்தான். பிறகு பைக் தவணை வந்தது. அவன் கல்யாணச் செலவின் பாக்கி வந்தது. பாதி கொடுத்தான், மீதியை நாளைக்கு என்றான்.

பெட்டி நாள் முழுக்கப் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று கத்திக்கொண்டிருக்கும். அம்மாவின் சுருக்குப் பையில் மறுநாள் மண்டிக்குக் கொடுக்கக் காசு இருக்காது. வியாபாரம் ஏறிய மாதத்தில்தான் அவர் தண்டலுக்குப் போனார். பத்தாயிரம் என்று எழுதுவார்கள், கையில் ஒன்பதாயிரம் தருவார்கள், நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். தன் காசைத் தன் காதால் கேட்டுக்கொண்டே, அடுத்தவரிடம் வட்டிக்கு வாங்கினார்.

2023 தொடக்கத்தில் ஒரு நாள், கொத்தமல்லி மேல் போடுகிற ஈரச் சாக்கில் ஒன்றை எடுத்து அந்த அட்டை மேல் போட்டுவிட்டார். பெட்டியை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டார். ஸ்கேன் இல்லையா அக்கா என்று கேட்டவர்களிடம், "இல்ல கண்ணு, சில்லறையா குடு" என்றார். பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போனார்கள். பக்கத்துக் கடைக்காரப் பெண், "இந்தக் காலத்துல போய் இப்படி இருக்கியேக்கா" என்றார். சில வாரங்கள் வியாபாரம் படுத்தது. மிஞ்சிய கட்டுகளை ஆட்டுக்குப் போட்டார்கள். தம்பியிடம் அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

என் கதை அந்தச் சாக்கோடு முடிகிறது. பத்திரிகைக்காரர் கண்ணுக்கு அது, புதுசுக்கு மாறத் தெரியாத ஒரு கிழவியின் பிடிவாதம். அம்மா அட்டையைக் கற்றுக்கொண்டு சிரிப்பதாக முடித்திருந்தால் வளர்ச்சி என்று ஒத்துக்கொண்டிருப்பார்.

இங்கேதான் எனக்குச் சண்டை. முப்பது வருஷம் வீட்டு ஆண்களின் கையில் காசைக் கொடுத்துவிட்டு அவர்களிடமே வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண், முதல்முறையாகக் காசின் வழியை மறித்திருக்கிறார். அதற்கு நஷ்டமும் பட்டிருக்கிறார். இதைவிடப் பெரிய மாற்றத்தை எங்கே தேடுவது?

மாற்றம் என்பதை நம்புகிற மாதிரி எழுதுவது பற்றி என் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான். ஒருத்தி மாறும்போதும் அவள் கையெழுத்து மாறுவதில்லை. அம்மா தெருவில் குரலை உயர்த்தாதவர். யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். கடனைக்கூடக் கேட்டு வாங்க மாட்டார். வந்து நிற்பார், அவர்களாகப் புரிந்துகொண்டு தருவார்கள். அப்படிப்பட்டவர் ஒரு நாள் நடு மார்க்கெட்டில் மகனைப் பார்த்து உரிமை பற்றிப் பேசினார் என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கும். அது அம்மா ஆகாது. சண்டை போடத் தெரியாத ஒருவர் போடும் சண்டை ஈரச் சாக்காகத்தான் வரும். அவர் பயப்படுவது அப்படியே இருக்கிறது. அவர் வேண்டுவதும் அப்படியே இருக்கிறது. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டே வேண்டியதை அடைய அவர் கண்டுபிடித்த வழிதான் புதிது.

இரண்டாவது, விலை. மாறுவதற்கு எவ்வளவு செலவானது, யார் கொடுத்தார்கள்? பெண் விஷயத்தில் இந்தக் கணக்கைக் கேட்காமல் எழுதப்பட்ட எந்தக் கதையையும் நான் சந்தேகப்படுவேன். பிள்ளைகள் எழுதிவரும் கதைகளின் ஓரத்தில் நான் பெரும்பாலும் ஒரு கேள்விதான் எழுதுகிறேன்: அன்று அவள் கையில் எவ்வளவு இருந்தது?

மூன்றாவது, மாற்றம் ஒருத்திக்குள்ளே மட்டும் நடப்பதில்லை. ஜெயகாந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் ஆனந்த விகடனில் அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழையில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறிய கல்லூரி மாணவி, கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று வெளியே தெரியாமல் காப்பாற்றுகிறாள். அன்றைய வாசகர்கள் கொதித்தார்கள். பிறகு ஜெயகாந்தன் அதே பெண்ணை வைத்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். 1972க்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. அந்த நாவலில் கங்காவின் அம்மா தண்ணீர் ஊற்றவில்லை. கத்தி அழுது ஊரைக் கூட்டிவிடுகிறாள். அண்ணன் துரத்துகிறான். கங்கா படித்து, பெரிய வேலைக்குப் போய், நாலு பேர் பேசும் பேச்சுக்கு நடுவே தனியாக நிற்கிறாள். முதலில் வந்த அந்தக் கதையை அவளே ஒரு பத்திரிகையில் படிக்கவும் செய்கிறாள்.

அதே பெண், அதே மழை, அதே கார். வேறாக இருந்தது அம்மாவின் அடுத்த நிமிடம் மட்டும். அந்த ஒரு நிமிடம் ஒரு முழு வாழ்க்கையைத் திருப்பிவிடும் என்பதை நாம் நம்புகிறோம், ஏனென்றால் நம் வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதைவிட அதற்கு வீடு என்ன செய்தது என்பதே அவளை உருவாக்குகிறது. இரண்டிலும் அந்த நிமிடத்தை அவள் தீர்மானிக்கவில்லை என்பதையும் பிள்ளைகள் கவனித்துச் சொல்கிறார்கள். சரியான கேள்வி. ஆனால் நாவலில் கங்காவுக்கு 'நான்' என்று பேசும் வாய் கிடைத்திருக்கிறது. கதையிலிருந்து நாவலுக்கு வரும்போது நடந்த வளர்ச்சிகளில் அதுவும் ஒன்று.

நான்காவதாகப் படிகள். எங்கள் மாவட்டத்து முசிறியில் 1925இல் பிறந்தவர் ராஜம் கிருஷ்ணன். பதினைந்து வயதில் கல்யாணமானவர். உப்பளத்துப் பெண்களைப் பற்றி எழுதத் தூத்துக்குடிக்குப் போய், அங்குள்ளவர்களோடு பழகி 'கரிப்பு மணிகள்' எழுதியவர். மணலூர் மணியம்மையின் வாழ்க்கையை 'பாதையில் பதிந்த அடிகள்' என்ற பெயரில் எழுதினார். தஞ்சைப் பகுதியில் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் விதவையாகி, நிலத்தில் உழைக்கும் பண்ணையாட்களைப் பார்த்து, காங்கிரஸுக்கு வந்து, பிறகு கம்யூனிஸ்ட் ஆகி, முடியைக் கிராப் வெட்டி, வேட்டி சட்டையோடு விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டியவர் மணியம்மை.

இந்த வாழ்க்கையை ஒரே வரியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். உண்மையில் நடந்தது என்பதால் மட்டும் எழுத்தில் அது நம்பும்படி ஆகிவிடாது. மடிசாரிலிருந்து வேட்டிக்கு ஒரே தாவலில் யாராலும் போக முடியாது. நடுவில் எத்தனை படிகள்! யாரை வீட்டு வாசலுக்குள் விட்டாள், யார் கையால் தண்ணீர் குடித்தாள், எந்த உறவு போக்குவரத்தை நிறுத்தியது, தனியாக ராத்திரியில் நடக்க எந்த உடை வசதியாக இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் ஆள் வருவாள். அந்த நாவலின் பெயரிலேயே அடிகள் என்று பன்மையில் இருப்பது எனக்குப் பிடிக்கும். பிள்ளைகளிடம் சொல்வேன்: உன் பாத்திரம் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள். நடுவில் அவள் எதை எந்த நாளில் முதன்முதலாகச் செய்தாள் என்று ஏழு விஷயம் எழுது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சமே பெரியதாக இருக்கட்டும்.

அம்மாவுக்கும் அப்படிப் படிகள் இருந்தன. சாக்குப் போட்ட பிறகு அந்த வருஷம் செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்தது. அதற்காக அம்மாவின் பழைய வங்கிக் கணக்கைத் தூசு தட்டி எடுத்தோம். பாஸ்புக்கைத் தம்பி வாங்கி வைத்துக்கொள்ளக் கையை நீட்டியபோது, "இருக்கட்டும் தம்பி, எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். இரண்டு மாதம் கழித்து என்னிடம், அந்த அட்டையை இந்தக் கணக்கில் போட முடியுமா என்றார். இப்போது அவருடைய சொந்த அட்டை தொங்குகிறது. தண்டல் முடிந்துவிட்டது. கதையை இங்கே கொண்டுவந்து முடிக்கலாமே என்று தோழி ஒருத்தி கேட்டாள். இது நல்ல செய்தி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாற்றம் சாக்கிலேயே நடந்து முடிந்துவிட்டது. இது அதன் விளைவு. விளைவைக் காட்டினால்தான் மாற்றத்தை நம்புவேன் என்கிற வாசகர், அந்தச் சில வாரங்கள் நஷ்டத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்க்கவே மாட்டார். அரசாங்கத்தின் ஆயிரம் ரூபாய்தான் அவரை மாற்றியது என்று படித்துவிட்டுப் போவார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லாப் பெண்ணும் மாறித்தான் ஆக வேண்டுமா? துவரங்குறிச்சியில், பெரிய பிள்ளை ஆனதும் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்ட சல்மா, 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலைக் கொண்டுவந்தார். அதில் முஸ்லிம் தெரு ஒன்றின் பெண்கள் சிரிக்கிறார்கள், அசிங்கமாகப் பேசுகிறார்கள், ஆசைப்படுகிறார்கள், தண்டிக்கப்படுகிறார்கள். தெருவின் சட்டம் அசையவில்லை. ராபியா என்ற சிறுமிக்கு அது மெல்லத் தெரியவருகிறது. எது அனுமதி, எது இல்லை, யாருக்கு இல்லை என்பது அவளுக்குள் இறங்குகிறது. மாற விடாத இடத்தில், மாறாமல் இருப்பதற்கு ஒருத்தி எவ்வளவு உழைக்கிறாள் என்று காட்டுவதும் பாத்திரத்தை எழுதுவதுதான். வளரவில்லை என்று ஒரு பெண் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பும் முன், வளர இடம் யார் விட்டார்கள் என்று கேட்பது நல்லது.

இந்தக் கதையை எழுதும் முன் அம்மாவிடம் சொன்னேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "எழுதிக்க பாப்பா. தம்பிய மட்டும் திருடன்னு எழுதிராத. அவன் கெட்டவன் இல்ல. கேட்டா குடுத்துருவான். கேக்க வேண்டியிருக்கே, அதான்."

கேட்டால் கொடுத்துவிடுவான். கேட்க வேண்டியிருக்கிறது. நான் படித்த பெண்ணியப் புத்தகங்கள் பல பக்கங்களில் சொன்னதை அம்மா மூட்டைக் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொல்லிவிட்டார். எழுத்துக்காரிக்கு அதில் இன்னொரு வேலையும் வைத்துவிட்டார். தம்பியை வில்லனாக்கினால் கதை சுலபமாகிவிடும், பொய்யாகவும் ஆகிவிடும். அவன் காலையில் அம்மாவின் மூட்டையை வண்டியில் கொண்டுவந்து இறக்குகிறவன். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் கடையில் அவனே உட்காருவான். அந்தக் காசு அவனுக்குத் திருட்டாகத் தெரியவில்லை. வீட்டுக் காசு, வீட்டு ஆம்பிளை கணக்கில் இருக்கிறது, அவ்வளவுதான். அட்டை மூடப்பட்ட நாளில் அவனுக்குள் என்ன நடந்தது என்பது எனக்கு இன்னும் எழுத வரவில்லை. பாஸ்புக்குக்கு நீட்டிய கையை அவன் பின்னால் இழுத்துக்கொண்ட விதம் மட்டும் நினைவிருக்கிறது. கோபம் இல்லை. ஏதோ ஒன்று அவனுக்கு அப்போதுதான் புரிந்த மாதிரி, கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அடுத்த கதை அவனுடையதாக இருக்கலாம். ஆண்கள் மாறுவதை நம்பும்படி எழுதுவதும் நம் வேலைதானே. அறை வாங்காமலும் அறை கொடுக்காமலும் மாறுகிற ஆண்களைத் தமிழ்க் கதைகளில் நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

கதையில் சேர்க்காத ஒன்றும் என்னிடம் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அம்மா முதலில் மார்க்கெட்டுக்கு மட்டும் அதில் போய்வந்தார். இப்போது சில மதியங்களில் வியாபாரம் முடிந்ததும் வீட்டுக்கு வராமல் ஸ்ரீரங்கம் பஸ் ஏறிவிடுகிறார். கோயிலுக்குள் போவதில்லை. அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருகிறார். தண்ணீர் இருந்தால் தண்ணீரைப் பார்க்கிறார், இல்லாவிட்டால் மணலைப் பார்க்கிறார் போலிருக்கிறது. எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "சும்மாதான்" என்றார்.

அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக் கதையில் வைக்க என்னால் முடியும். அப்பாவின் அஸ்தி கரைத்த இடம் என்று எழுதலாம், விடுதலை என்று எழுதலாம். வைக்கப் போவதில்லை. சும்மா என்ற சொல்லை இத்தனை வருஷத்தில் அம்மா தன் விஷயமாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.